காப்பியத்தைக் கதையாகப் படிக்க விடுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மேனிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். தங்கள் குழுவில் என்னினும் ஆழக் கற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை தரப்பினரின் விருப்பங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அறிவேன். ஆயினும் சில குறைகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் உறைக்கும். என் கோரிக்கை ஒன்றே: செய்யுளில் கதை சொல்லும் நம் நூல்களிலிருந்து வகுப்புக்கு ஒரு நிகழ்ச்சியையாவது, தொடக்கம் முதல் முடிவு வரை அடி குறையாமல், மாணவர்கள் கதையாகவே படிக்கும்படி அச்சிட்டுத் தாருங்கள்.

நான் மாணவனாகப் படித்த நூல்களிலும், பிறகு ஆசிரியனாகக் கற்பித்த நூல்களிலும் காப்பியம் வந்த விதம் பெரும்பாலும் ஒன்றுதான். மேலே சில வரிகளில் கதைச்சுருக்கம் இருக்கும். நடுவில் பத்துப் பதினைந்து அடிகள், அல்லது மூன்று நான்கு விருத்தங்கள் இருக்கும். கீழே சொற்பொருளும் இலக்கணக்குறிப்பும் பகுபத உறுப்பிலக்கணமும் நூலாசிரியர் குறிப்பும் இருக்கும். தேர்வில் 'அடிமாறாமல் எழுதுக' என்றும் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்றும் கேட்கப்படும். இந்த அமைப்பில் கதை முழுவதையும் உரைநடைச் சுருக்கம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு விடுகிறது; செய்யுளுக்கென்று மிஞ்சுவது சொல்லழகு மட்டுமே. கதை உரைநடைக்கு, அழகு செய்யுளுக்கு என்று நாமே பாகப்பிரிவினை செய்து கொடுத்துவிட்டு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செய்யுளில் ஆர்வமில்லை' என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அங்கலாய்க்கிறோம்.

அதிலும் தெரிந்தெடுக்கப்படும் பகுதி பெரும்பாலும் வருணனையாகவே அமைந்துவிடுகிறது. நாட்டுப்படலம், ஆற்றுப்படலம், நகர்ச் சிறப்பு, சோலையின் வனப்பு என்று எடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது: முன்னும் பின்னும் ஒட்டாமல் வெட்டியெடுக்க வருணனைதான் தோதாக இருக்கிறது, யார் மனமும் புண்படாது, அணியும் கிடைக்கும். ஆனால் ஒரு காப்பியத்தின் வருணனைகளை மட்டும் படித்த மாணவன், ஒரு கல்யாண வீட்டின் பந்தலைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்காமல் வந்தவனைப் போன்றவன்.

நான் சொல்ல வருவதைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டே விளக்க அனுமதியுங்கள். மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட அந்நூலில் வழக்குரை காதை இருபதாவது. ஏறத்தாழ எண்பது அடிகளே உடையது. இதைப் பாடமாக வைக்கும்போது பெரும்பாலும் 'வாயிலோயே வாயிலோயே' என்று கண்ணகி காவலனை விளிக்கும் இடத்திலோ, 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று அவள் அரசனிடம் பேசத் தொடங்கும் இடத்திலோ ஆரம்பிக்கிறோம். காதை அங்கே தொடங்கவில்லை. கோப்பெருந்தேவி தான் கண்ட தீக்கனாவைத் தோழியிடம் சொல்வதில் தொடங்குகிறது. 'குடையொடு கோல் வீழ, நின்று நடுங்கும் கடைமணியின் குரல் காண்பென்காண் எல்லா' என்கிறாள் அவள். குடையும் செங்கோலும் விழுகின்றன. வாயில் மணி தானே நின்று நடுங்குகிறது. கேட்பவன் மனத்தில் இந்த மூன்றையும் ஊன்றிவிட்டு இளங்கோவடிகள் மேலே நடக்கிறார்.

சற்று நேரத்தில் கண்ணகி வந்து தன் ஊரைச் சொல்லும்போது, கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைக் குறிப்பிடுகிறாள். அப்போது அவள் வாயில் வரும் சொற்கள் 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க' என்பவை. அரசி கனவில் கேட்ட மணி, வேறொரு நாட்டின் மணியாக, நீதி வழங்கிய மணியாக அவைக்குள் ஒலிக்கிறது. இறுதியில் உண்மை வெளிப்பட்டவுடன் பாண்டியனைக் கவிஞர் எப்படிக் காட்டுகிறார்? 'தாழ்ந்த குடையன், தளர்ந்த செங்கோலன்.' கனவில் வீழ்ந்த குடையும் கோலும் பகலில் வீழ்கின்றன. எண்பது அடிக்குள் முடிந்துவிடும் இந்தக் கட்டுமானத்தில் முதல் இருபது அடியை நாம் வெட்டிவிட்டால், 'தாழ்ந்த குடையன்' என்பது மாணவனுக்கு வெறும் குறிப்பு வினைமுற்றா, பெயரா என்ற இலக்கணச் சிக்கலாக மட்டும் மிஞ்சுகிறது.

இதே காதையை அதற்கு முந்தைய காதைகளோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் வியப்பு கூடும். பதினாறாவதான கொலைக்களக் காதையில், 'கோயிற் சிலம்பு கொண்ட கள்வன்' என்று பொற்கொல்லன் கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். 'கள்வன்' என்ற சொல் முதலில் உண்மைக் கள்வனின் வாயிலிருந்துதான் புறப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதைக் கேட்ட பாண்டியனைப் பற்றிக் கவிஞர் சொல்வது, 'சினை அலர் வேம்பன் தேரான் ஆகி' என்பது. ஆராயவில்லை, ஊர்க்காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு 'கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று உத்தரவிடுகிறான். நான்கு காதைகள் கழித்து, கண்ணகி அவைக்குள் நுழைந்து உதிர்க்கும் முதற்சொல் 'தேரா மன்னா' என்பது. கதைசொல்லி தனக்குள் சொல்லிக்கொண்ட 'தேரான்' என்ற தீர்ப்பை, அதைக் கேட்டிருக்கவே முடியாத பெண்ணொருத்தி அரசன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்.

அரசன் 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்று விடை சொல்கிறான். கள்வனைக் கொல்வது முறை என்பதே அவன் சட்டம். கண்ணகி 'என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே', தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் சிலம்பின் பரல் முத்து என்று அவன் சொல்லி, 'தருக' என்று வரவழைத்து அவள் முன் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.' எங்கோ ஒரு மூலையில் போய் விழுந்திருக்கலாம் அந்த மணி. 'கொன்று கொணர்க' என்று சொன்ன அதே வாயில் போய்த் தெறிக்கிறது. அடுத்து அவன் சொல்வது நாம் அனைவரும் அறிந்தது: 'யானோ அரசன்? யானே கள்வன்.' பொற்கொல்லன் வாயில் புறப்பட்ட சொல் கோவலன் மேல் ஏறி, கண்ணகி காதில் விழுந்து, கடைசியில் தீர்ப்புச் சொன்ன அரசன் தலையிலேயே வந்து இறங்குகிறது. கள்வனைக் கொல்வது முறையென்று சற்று முன்பு தீர்ப்புரைத்தவன், தன்னைக் கள்வன் என்று அறிந்தவுடன் 'கெடுக என் ஆயுள்' என்று தன் சட்டத்தைத் தானே நிறைவேற்றிக்கொண்டு வீழ்கிறான்.

இந்த இடத்தில் ஓகாரம் எதிர்மறைப் பொருளில் வந்தது, ஏகாரம் தேற்றப் பொருளில் வந்தது என்று நானும் ஆண்டுதோறும் எழுதிப் போட்டிருக்கிறேன். பிழையன்று. ஓர் அரசனின் முழு வாழ்வும் ஓகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையில் புரண்டுபோவதை மாணவன் உணர்ந்த பிறகு அதைச் சொன்னால் இலக்கணம் இனிக்கும். உணர்வதற்கு முன்பே சொன்னால் அது இரண்டு மதிப்பெண்.

சிலம்பு என்ற பொருளையே நூல் நெடுகத் தொடர்ந்து பார்க்கலாம். நான்காவது காதையில், கோவலன் மாதவியிடம் போய்விட்ட பிறகு, கண்ணகியின் 'அஞ்செஞ் சீறடி அணி சிலம்பு ஒழிய' இருக்கிறது. அணியப்படாத சிலம்பாகத்தான் அது கதைக்குள் வருகிறது. ஒன்பதாவது காதையில் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு நாணி நிற்கும் கணவனிடம் 'சிலம்பு உள, கொண்ம்' என்கிறாள். பதினாறாவது காதையில் 'சீறடிச் சிலம்பின் ஒன்று கொண்டு யான் போய் மாறி வருவன்' என்று விடைபெறுகிறான். விற்று வருவதாகச் சொன்னவன் வரவில்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்புதான் அவைக்களம் வருகிறது. ஒரு சிறுகதையில் முதற்பக்கத்தில் வந்த ஒரு பொருள் கடைசிப் பக்கத்தில் வேலை செய்தால் மாணவர்களிடம் அதை உத்தி என்று பாராட்டிச் சொல்கிறோம். ஆயிரக்கணக்கான அடிகளுக்கு அப்பால் அதையே செய்திருக்கும் ஒரு நூலை அவர்கள் கையில் துண்டுகளாகக் கொடுக்கிறோம்.

ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு பாடத்திட்டத்தில் இருந்த அடிகளை விட்டுவிட்டு, வழக்குரை காதையை முதலிலிருந்து இறுதிவரை இரண்டு பாடவேளைகளில் வாய்விட்டுப் படித்தேன். இடையிடையே கடினச் சொல்லுக்கு மட்டும் ஒரு சொல்லில் பொருள் சொன்னேன், விளக்கம் சொல்லவில்லை. முடிந்ததும், தேர்வுக்குரிய எதையும் ஒருபோதும் கேட்டிராத கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தத் தட்டான் என்ன ஆனான்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளில் செய்யுள் வகுப்பில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்வி அது. கதை கேட்டவன் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி.

அதற்கு நூலில் உள்ள விடை நெஞ்சை உறுத்துவது. பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக் கடவுளின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று பலியிட்டான் என்று நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது. நீர்ப்படைக் காதையிலும் அச்செய்தி வருகிறது. நான் அதைச் சொன்னவுடன் வகுப்பில் விவாதம் எழுந்தது. ஒருவன் செய்த தவற்றுக்கு ஆயிரம் பேரா என்று ஒரு பெண் கேட்டாள். ஆராயாமல் ஒருவனைக் கொன்றது தவறென்றால் ஆராயாமல் ஆயிரம் பேரைக் கொன்றது எப்படி நியாயம் என்று இன்னொருவன் கேட்டான். கேட்ட இருவரும் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் அல்லர். அறம் பற்றிய அந்த உரையாடலை எந்த நெடுவினாவாலும் என்னால் உண்டாக்கியிருக்க முடியாது.

பா வகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாப்பு என்பதைச் சீர், தளை, அடி என்று கணக்குப் போலக் கற்பிக்கிறோம். ஆனால் கதை சொல்லும் கவிஞனுக்கு யாப்பு என்பது நடையின் வேகம். சிலப்பதிகாரத்தின் பெரும்பகுதி நிலைமண்டில ஆசிரியப்பாவில் நடக்கிறது. அது வழிப்பயணம் போல, அடி முடிந்தாலும் வாக்கியம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். இடையே ஆடலும் பாடலும் வர வேண்டிய இடங்களில் கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை என்று யாப்பே மாறிவிடும். இடையிடையே உரைநடையும் கலந்து வருவதால் 'உரை இடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்று நூலின் முகப்பிலுள்ள பதிகம் சொல்கிறது. ஆய்ச்சியர் குரவையாடிக் கொண்டிருக்கும்போதே அங்கே மதுரையில் கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான் என்பது கேட்பவனுக்கு முந்தைய காதையிலேயே தெரியும். இசை கூடக்கூடத் துயரம் கூடுகிறது. இரு காதைகளையும் அடுத்தடுத்துப் படித்தாலன்றி இது விளங்குவதற்கு வேறு வழியில்லை.

சீவக சிந்தாமணிக்குப் பிறகு விருத்தம் காப்பியத்தின் பாவாக நிலைபெற்றது. விருத்தத்தின் இயல்பு வேறு. ஆசிரியப்பா பாதை என்றால் விருத்தம் படிக்கட்டு. நான்கு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த படி ஏற வேண்டும். அந்த நான்கு அடிக்குள் ஒரு நிகழ்ச்சியை வைத்துக் கடைசிச் சொல்லில் முடிச்சுப் போடுவதில்தான் விருத்தக் கவிஞனின் கைத்திறன் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருவது இதற்கு வாய்ப்பாகிவிடுகிறது. சூர்ப்பணகை வரும் 'பஞ்சி ஒளிர் விஞ்சு குளிர் பல்லவம்' என்ற பாடலை நாம் சந்தத்துக்காகவே கற்பிக்கிறோம். மயிலென, அன்னமென, மின்னும் வஞ்சியென என்று அழகை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசி அடியில் 'நஞ்சம் என, வஞ்ச மகள் வந்தாள்' என்று கம்பர் முடிக்கும்போது, சந்தம் மாறவேயில்லை. அதே இனிய தாளத்தில் நஞ்சும் நடந்து வருகிறது. கேட்பவன் மயங்கிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கப்படுகிறான். இராமன் பின்னால் சந்திக்கப் போகும் மயக்கத்தை முன்கூட்டியே கேட்பவனின் காதில் நடத்திக் காட்டிவிடுகிறது அப்பாடல்.

சேக்கிழாரிடம் இது இன்னும் நுட்பமாக இருக்கிறது. பெரியபுராணத்தைப் பக்தி நூல் என்ற ஒரே பெயரில் ஒதுக்கிவைத்துவிடுகிறோம். தமிழின் தலைசிறந்த கதைசொல்லிகளுள் ஒருவர் அவர் என்பதை நான் வயதான பிறகே உணர்ந்தேன். மெய்ப்பொருள் நாயனார் புராணத்தில், போரில் பலமுறை தோற்ற முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்குள் நுழையும் பாடலைப் பாருங்கள்:

மெய்யெலாம் நீறு பூசி வேணிகள் முடித்துக் கட்டிக்
கையினில் படை கரந்த புத்தகக் கவளி ஏந்தி
மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்துப்
பொய் தவ வேடம் கொண்டு புகுந்தனன் முத்தநாதன்.

நான்கு அடிகளின் முதற்சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மெய், கை, மை, பொய். எதுகை என்று வட்டமிட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த எதுகையே கதையைச் சொல்கிறது. மெய்யில் தொடங்கி, கையில் மறைந்த ஆயுதத்தின் வழியாக, மையிருளைத் தாண்டி, பொய்யில் வந்து முடிகிறது. புத்தகக் கட்டுக்குள் கத்தி இருப்பது இப்போது நமக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பாடலும், வாயிற்காவலர்கள் ஒதுங்கி வழிவிடுவதும், கடைவாயிலில் காவலன் தத்தன் தயங்குவதும், அரசி எழுந்து கணவனை எழுப்புவதும், அரசன் வந்தவனை மேலே இருத்தித் தான் தரையில் அமர்வதும், அந்தக் கத்தியின் நிழலிலேயே நடக்கின்றன.

கடைசியில் கத்தி பாய வேண்டிய இடத்தில் சேக்கிழார் அதைச் சொல்ல மறுத்துவிடுகிறார். 'தான் முன் நினைந்த அப்பரிசே செய்ய' என்று மட்டும் சொல்லி, 'மெய்த்தவ வேடமே மெய்ப்பொருள் எனத் தொழுது வென்றார்' என்று முடிக்கிறார். குத்தினான் என்ற சொல் இல்லை. வீழ்ந்தார் என்ற சொல்லும் அங்கே இல்லை. 'வென்றார்' என்பதே இருக்கிறது. வாளோடு பாய்ந்து வந்த தத்தனைத் 'தத்தா, நமர்' என்று தடுத்து, கொன்றவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொல்லி, அவன் திரும்பி வந்து செய்தி சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மொத்தப் புராணமும் ஒரு பாடநூலில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். இதில் நடுவில் இரண்டு பாட்டை எடுத்துக் கொடுத்தால், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு எங்கிருந்து வரும்?

கதை முன்பே தெரிந்திருந்தால் பதைப்பு எங்கே மிஞ்சும் என்று தாங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் மரபில் கேட்பவர்க்குக் கதை எப்போதும் தெரிந்தே இருந்தது. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும்போது கர்ணன் சாவான் என்பது அறியாமல் யாரும் வந்து உட்காரவில்லை. ஆயினும் அன்றிரவு அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் கண்ணகி வழக்குரை படிக்கும்போதும் அப்படித்தான். என்ன நடந்தது என்பதை அறிந்தவன்தான் அது எப்போது, எந்தச் சொல்லில் நடக்கப் போகிறது என்று காத்திருக்க முடியும். ஆகவே கதை தெரிவதில் எனக்கு ஆட்சேபமில்லை. நான்கு வரிச் சுருக்கத்தைப் படித்தவனுக்குக் கதை தெரிந்துவிட்டது என்று நாம் எண்ணுவதில்தான் ஆட்சேபம்.

பழைய நூல்கள் கடினம், சொற்கள் வழக்கொழிந்தவை என்ற தயக்கத்துக்கு என் விடை பாரதியார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. முழுநூல் அவர் மறைந்த பின் 1924இல் அச்சேறியது. எளிய பதங்கள், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றைக் கொண்டு காவியம் செய்பவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்று அதன் முகவுரையிலேயே அவர் அறிவித்தார். அதில் தருமன் நாட்டைப் பந்தயம் வைத்துத் தோற்கும் இடம், ஒன்பதாம் வகுப்பு மாணவன் அகராதியின்றிப் படித்துவிடக்கூடியது. 'கோயிற் பூசை செய்வோர் சிலையைக் கொண்டு விற்றல் போலும், வாயில் காத்து நிற்போன் வீட்டை வைத்திழத்தல் போலும்' என்று இரண்டு உவமைகளை வீசிவிட்டு, 'சிச்சீ! சிறியர் செய்கை செய்தான்' என்று கதைசொல்லியே குறுக்கே பாய்கிறார். பிறகு திரௌபதியை அவைக்கு இழுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊராரையும் விடவில்லை. 'நெட்டை மரங்களென நின்று புலம்பினார்' என்கிறார். இளங்கோ ஒளிந்துகொண்டு பேசினார். சேக்கிழார் சொல்லாமல் விட்டுப் பேசினார். பாரதி சட்டையைப் பிடித்துப் பேசுகிறார். கதைசொல்லி எங்கே நிற்கிறான் என்ற இந்த வேறுபாட்டைப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஒரு மாணவன் கண்டுகொண்டால் அதன்பின் அவன் நாவலையும் சிறுகதையையும் படிக்கும் விதமே மாறிவிடும். அழைப்பு, சூதாட்டம், அடிமை, துகிலுரிதல், சபதம் என்ற ஐந்து சருக்கங்களில் ஒன்றையேனும் முழுதாகத் தாருங்கள்.

நாட்டார் கதைப்பாடல்களுக்குப் பாடநூலில் கிடைப்பது பெரும்பாலும் 'நாட்டுப்புற இலக்கிய வகைகள்' என்ற கட்டுரையில் ஒரு வரி. தென்மாவட்டக்காரன் என்பதால் இதில் எனக்குச் சற்றுச் சொந்த வருத்தமும் உண்டு. கொடை விழாக்களில் வில்லின் நாணில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் சேர, முன்னே பாடும் புலவர் ஒரு வரி சொல்லிப் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு வாங்க, விடிய விடியக் கதை நகர்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரே செய்தியைச் சற்றே மாற்றி மும்முறை சொல்வார்கள். ஏட்டில் படிப்பவனுக்கு அது கூறியது கூறல். தூக்கக் கலக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கும், நடுவில் எழுந்துபோய்த் திரும்பி வந்தவனுக்கும் அது கைப்பிடி.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகிய பட்டன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்களான பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைத்துக் கொடுக்கிறான். பின்னர் மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். பாபநாசத்துக்கு மேலே மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர் என்று கூறும் பகுதி பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்று இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். கதையைச் சமூகம் எப்படித் தனக்கேற்ப வளைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை ஒரு மேனிலை வகுப்புக்குத் தர முடியுமா? சாதி பேசுகிறது என்று அஞ்சி விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் ஐயம். அஞ்சத்தக்க பகுதிகளைத் தவிர்த்துத் தவிர்த்துத்தான் நாம் ஆற்றுப்படலத்தில் வந்து நிற்கிறோம்.

இனி நடைமுறை. பாடவேளைகள் போதா என்பதும், மனப்பாடச் சுமையைக் கூட்டக் கூடாது என்பதும் நான் அறிந்தவையே. அதனால் செய்யுள் பகுதியில் கை வைக்க வேண்டாம் என்கிறேன். துணைப்பாடமாக வைக்கும் விரிவானப் பகுதியில் சிறுகதைகளை முழுமையாகத்தானே தருகிறோம்? எந்தச் சிறுகதையிலும் நடுவில் பத்து வரியை மட்டும் வெட்டிக் கொடுத்து அதற்குச் சொற்பொருள் எழுதச் சொல்வதில்லை. அந்த விரிவானத்தில் ஆண்டுக்கு ஓர் இடத்தைச் செய்யுள் கதைக்குக் கொடுங்கள். சந்தி பிரித்து அச்சிடுங்கள். கடினச் சொல்லுக்கு அதே அடியின் எதிரில், ஓரத்தில், ஒரு சொல்லில் பொருள் போதும். கதைச்சுருக்கம் தேவையானால் முந்தைய கதையை மட்டும் சொல்லி, அந்த நிகழ்ச்சி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தேர்வில் அடிமாறாமல் எழுதச் சொல்லாதீர்கள். 'அரசியின் கனவு இக்காதையில் எங்கெங்கே திரும்பி வருகிறது?' என்பது போன்ற ஒரு வினாவைக் கேளுங்கள். ஆசிரியர் கையேட்டில், முதல் பாடவேளையில் விளக்கமின்றி வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பை மறவாமல் சேருங்கள். இல்லையேல் எங்களைப் போன்றவர்கள் பழக்கதோஷத்தால் பகுபதத்தில் இறங்கிவிடுவோம்.

எதை வைப்பது என்பது தங்கள் தேர்வு. சீறாப்புராணத்திலும் தேம்பாவணியிலும் மணிமேகலையிலும் இவ்வாறு தனித்து நிற்கக்கூடிய படலங்களும் காதைகளும் உண்டு. எல்லாச் சமயத்தவர்க்கும் இடம் கொடுத்ததாகவும் அமையும். என்னைக் கேட்டால் ஒன்பதாம் வகுப்புக்குப் பாஞ்சாலி சபதத்தின் ஒரு சருக்கம், பத்தாம் வகுப்புக்கு வழக்குரை காதை, பதினொன்றாம் வகுப்புக்கு மெய்ப்பொருள் நாயனார் புராணம், பன்னிரண்டாம் வகுப்புக்கு முத்துப்பட்டன் கதை என்று சொல்வேன். எல்லாவற்றுக்கும் இடமில்லை என்றால் வழக்குரை காதையிலிருந்து தொடங்குங்கள். ஓரக்குறிப்போடு அச்சிட்டால் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாது. அந்த ஓரக்குறிப்பை என் மாணவர்களுக்காக ஏற்கெனவே கையால் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்பித் தருகிறேன். தட்டான் என்ன ஆனான் என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை எழுதவில்லை. அதை வகுப்பில் யாராவது கேட்கட்டும்.

இவண்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்